ஓஹி என்றால் ஓகே அல்ல: ஒரு கிரேக்கப் பங்க் குழுவின் வழியில் ஒரு சனிக்கிழமை

கடந்த செப்ரெம்பரில், இரண்டாவது சனிக்கிழமை, ரொறன்ரோவுக்குள்ளேயே ஒரு பயணம் போய் வந்தேன். போக வர எல்லாமாக நாற்பது கிலோமீற்றருக்குள்தான். விமானமும் இல்லை, விடுதியும் இல்லை. நயாகராவைப் பார்த்து முடித்து, ஒரு நாள் மிச்சம் இருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டு எழுதுகிறவர்களுக்கு இதைச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

தொடங்கி வைத்தது ஒரு தொலைபேசி அழைப்பு. அழைத்தவர் பக்கத்து நகரமான அஜக்ஸில் இருக்கும் யோகன். எண்பதுகளில் நானும் அவரும் ரொறன்ரோவின் கிழக்கே வெக்ஸ்போர்ட்டில் ஒரே அப்பார்ட்மென்டில் இருந்தோம். நான் பகலில் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையிலும், மிச்ச நேரத்தில் ஒரு தமிழ் மாத இதழின் நிருபராகவும் இருந்தேன். யோகன் ஒரு கிரேக்கரின் கராஜில் மெக்கானிக்.

"அண்ணை, பனயோற்றிஸின்ர கராஜை இடிக்கப் போறாங்களாம். வெளியில போர்ட் போட்டிருக்கு. மாடிக் கொண்டோ வருதாம்."

"எப்ப இடிக்கிறாங்கள்?"

"அது போடேல்லை. இடிக்க முந்தி ஒருக்காப் பாத்திட்டு வருவமோ?"

அந்தக் கராஜில் நடந்தது வாகனம் திருத்தும் வேலை மட்டும் இல்லை. 1983இல் 'ஆவ்ரியோ பாலி' என்ற பெயரில் ஒரு கிரேக்க இளைஞர் குழு அங்கே தொடங்கி, 1988 முடியும் வரை அங்கேயேதான் ஒத்திகை பார்த்தது. அவர்கள் வாசித்தது கராஜ் பங்க். அந்த இசை தெரியாதவர்களுக்கு: கிற்றாரில் மூன்றே கோட்ஸ், இரண்டரை நிமிடப் பாட்டு, தாங்காத அளவுக்குத் திருகி வைத்த அம்பிளிபயர். மெருகு இருந்தால் அது கராஜ் பங்க் இல்லை. இந்தக் குழுவுக்கு அந்தப் பெயர் வேறு விதமாகவும் பொருந்தியது. காரைத் தூக்கி நிறுத்தும் ஹொயிஸ்றில் ஏற்றிய காருக்குக் கீழேதான் ட்ரம்ஸ் வைத்திருந்தார்கள்.

யோகன் காலை பத்து மணிக்கு வெக்ஸ்போர்ட் வந்து, லோறன்ஸ் வீதிப் பிளாசா ஒன்றில் காரை விட்டார். கராஜ் அங்கிருந்து ஐந்து நிமிட நடை. மூன்று கதவுகள் கொண்ட தட்டைக் கூரைக் கட்டடம். கதவுகளுக்குப் பலகை அடித்திருந்தார்கள். வேலியில் வெள்ளை அறிவித்தல் பலகை. அதிலிருந்த உயரமான கட்டடத்தின் படத்தை யோகன் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உதில பாக்கிங் மூண்டு மாடியாம். கார் நிக்க இடம் இருக்கு, திருத்தத்தான் இடமில்லை," என்றார்.

பாடகன் நிக்கோஸும் ட்ரம்ஸ் வாசித்த லேனாவும் அண்ணன் தங்கை. பனயோற்றிஸ் அவர்களின் தாய்மாமன். தாசோஸ் என்ற பள்ளிக்கூட நண்பன் பேஸ் கிற்றார். கராஜ் பூட்டிய பிறகு ஒன்பது மணி வரை வாசிக்கலாம் என்பது மாமன் கொடுத்த அனுமதி. முதல் நாள் வாசித்ததைக் கேட்டுவிட்டு, "இது பாட்டில்லை, ஓட்டை விழுந்த சைலன்சர்," என்று அவர் சொன்னாராம். நிக்கோஸ் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு, பார்க்கிறவர்களுக்கெல்லாம் சொல்லித் திரிந்தான்.

பெயருக்கும் ஒரு காரணம் உண்டு. கிரேக்கத்தில் 'ஆவ்ரியோ' என்றால் நாளை. டன்போர்த் வீதியிலுள்ள கிரேக்க உணவகங்களிலும் மண்டபங்களிலும் வாசிக்க இடம் கேட்டுப் போனபோதெல்லாம் "ஆவ்ரியோ" என்றார்கள். மறுநாள் போனால் "ஆவ்ரியோ பாலி", நாளைக்குத் திரும்பவும் வா. அதையே பெயராக வைத்துக்கொண்டார்கள்.

யோகன் அங்கே வேலைக்குச் சேர்ந்தது 1986இல். முதல் வாரமே ஒரு கூத்து நடந்தது. ஒரு காருக்கு ஒயில் மாற்றவா என்று கேட்டிருக்கிறார். பனயோற்றிஸ் "நே" என்றார். யோகன் அதை 'நோ' என்று எடுத்துக்கொண்டு, துணியைப் போட்டுவிட்டுச் சும்மா நின்றார். பத்து நிமிடம் கழித்து வந்த முதலாளி, ஏன் நிற்கிறாய் என்று சத்தம் போட்டார். கிரேக்கத்தில் 'நே' என்றால் ஆம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"இல்லை எண்டதுக்கு என்ன சொல்லுவார்?" என்று அப்போது கேட்டேன்.

"அதுக்கு அவர் கிரேக்கம் பாவிக்கிறேல்லை அண்ணை. இங்கிலீசில கெட்ட சொல்லுத்தான்."

இந்த இடத்தைப் பார்க்க இருபது நிமிடம் போதும். வீதியில் நின்றே படம் எடுக்கலாம். வேலிக்குள் போக வேண்டாம்.

அங்கிருந்து வோர்டன் வீதிப் பஸ்ஸில் நான்கு கிலோமீற்றர் தெற்கே வோர்டன் சப்வே நிலையம். பிறகு மேற்கே ஸ்பாடைனா வரை ட்ரெயின், அரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவு. பயண அட்டையில் கழிந்தது மூன்று டொலர் முப்பது சதம். இரண்டு மணித்தியாலத்துக்கு அதே கட்டணத்தில் மாறி மாறி ஏறலாம். புரோட்வியூ தாண்டியதும் ட்ரெயின் சுரங்கத்தை விட்டு வெளியே வந்து பள்ளத்தாக்கின் மேல் பாலத்தில் போகும். ஒரு நிமிடம்தான் வெளிச்சம். ஃபோனைக் கீழே வைத்துவிட்டுப் பாருங்கள்.

ஸ்பாடைனாவிலிருந்து ஸ்ட்ரீட்காரில் கென்சிங்ரன் சந்தைக்குப் போனோம். அங்கே அந்தக் குழு வாசித்த ஒரு பேஸ்மென்ட் பார் இருந்தது. இப்போது பழைய உடுப்புக்கடை. படிகள் மட்டும் அதே படிகள். தலை இடிக்கும் அந்தக் கூரை வளையும் அப்படியே இருந்தது. பழக்கத்தில் இருவருமே குனிந்தோம்.

1984இலிருந்து அவர்கள் வாசித்ததெல்லாம் இந்த மாதிரி நிலக்கீழ் இடங்களில்தான். யோகனுக்கு வான் ஓட்டத் தெரியும் என்று கண்டதும் அவரைச் சாரதியாக்கிக்கொண்டார்கள். நானும் சில தடவை பின்னால் ட்ரம்ஸோடு ட்ரம்ஸாக இருந்து வந்திருக்கிறேன். முடியைக் குத்திட்டு நிறுத்திய மாணவர்கள் ஐம்பது பேர் மட்டில் வருவார்கள். குதிப்பார்கள், ஒருவரையொருவர் தள்ளுவார்கள், சந்தோசமாகப் போவார்கள். நிக்கோஸ் எழுதிய பாட்டுகள் எல்லாம் கிரேக்கம். ஒருவருக்கும் ஒரு சொல்லும் விளங்காது. பாரின் சொந்தக்காரர் கடைசி வரைக்கும் அவர்களைப் போர்த்துக்கேயர் என்றே நினைத்திருந்தார்.

அந்தப் படியில் இருந்துதான் ஒரு நாள் நிக்கோஸ் எனக்குச் சொன்னான். ஆங்கிலத்தில் சொன்னதை நம்முடைய பேச்சில் தருகிறேன்.

"இண்டைக்கு மூண்டாவது பாட்டுக் கேட்டியோ?"

"கேட்டன். நல்லா இருந்தது."

"அது மாமாவின்ர ஸ்பார்க் பிளக் விலைப்பட்டியல். மேலயிருந்து கீழ வரைக்கும் படிச்சன். கை தட்டுறாங்கள்."

சிரித்தான். ஆனால் உடனே எழும்பிப் போய் வயர்களைச் சுருட்டத் தொடங்கினான்.

இசைத்தட்டு வெளியிடும் ஒருவர் 1987இல் வந்து, ஆங்கிலத்தில் பாடினால் ஒரு முழுத் தட்டுப் போடுவோம் என்றார். தாசோஸுக்கு ஆசை. நிக்கோஸ் மறுத்தான். இரண்டு கிழமை ஒருவரோடொருவர் பேசவில்லை. பிறகு தாங்களே காசு போட்டு, பக்கத்துக்கு ஒரு பாட்டாக ஒரு சின்னத் தட்டு அடித்தார்கள். ஆங்கிலப் பார்களுக்கு அவர்கள் விளங்காத மொழிக்காரர்; கிரேக்க மண்டபங்களுக்கு அவர்கள் இரைச்சல். அந்த நாட்களில் நாங்களும் ஒரு மொழியை மூட்டை கட்டிக்கொண்டு வந்து இறங்கியவர்கள்தான். அதனால் இந்தச் சங்கடம் எனக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டிய ஒன்றாக இருக்கவில்லை.

1988 கோடையில் லேனாவுக்குக் கிழக்குக் கரையிலுள்ள ஹலிபக்ஸில் மருந்தாளர் படிப்புக்கு இடம் கிடைத்தது. ஜனவரியில் போக வேண்டும். அவள் இல்லாமல் குழு இல்லை என்பது மூவருக்கும் தெரியும். அதற்கு முன் ஒரே ஒரு தடவை, சொல் விளங்குகிற ஆட்களுக்கு முன்னால் பாட வேண்டும் என்று நிக்கோஸ் பிடிவாதமாக நின்றான். டன்போர்த் பக்கத்து மண்டபம் ஒன்றுக்குப் பொறுப்பாக இருந்த ஸ்ரமாத்திஸ் என்ற பேக்கரிக்காரரிடம் லேனா மூன்று தரம் கேட்டாள். மூன்று தரமும் ஆவ்ரியோ.

கென்சிங்ரனில் ஒரு கோப்பியும் பற்றீசும் சாப்பிட்டோம், இருவருக்கும் பதினான்கு டொலர். திரும்ப ஸ்பாடைனா வந்து கிழக்கே செஸ்ரர் நிலையம் வரை, ஆறு கிலோமீற்றர். நிலையத்திலிருந்து வெளியே வந்து தெற்கே நடந்தால் டன்போர்த் வீதி. கிரேக்க எழுத்தில் வீதிப்பெயர், இறைச்சி வாட்டும் புகை, நடைபாதையில் மேசைகள். மண்டபம் ஒரு பக்கத் தெருவில் இருக்கிறது. பின்கதவும் அதன் முன்னால் வாகனம் நிறுத்தும் சிறு இடமும் அப்படியே.

அந்த இடத்தில்தான் 1988 ஒக்ரோபர் கடைசி ஞாயிறு பிற்பகல் எங்கள் வான் நின்றது. உள்ளே ஒரு விழா. அனுமதி கிடைத்தால் வாசிப்பது, இல்லாவிட்டால் வீட்டுக்குப் போவது. நிக்கோஸ் போய்க் கேட்க முடியாது. முந்தின வருடம் ஸ்ரமாத்திஸின் முகத்துக்கு நேரே, உம்முடைய மண்டபத்தில் கல்யாணப்பாட்டுத் தவிர வேறொன்றும் கேட்டதில்லையோ என்று கேட்டிருந்தான். லேனா மூன்று தரம் கேட்டுக் களைத்துவிட்டாள். எனவே யோகனை அனுப்பினார்கள். அவர் போட்டிருந்தது பனயோற்றிஸின் பெயர் கிரேக்க எழுத்தில் தைத்த கராஜ் ஜக்கெற். ஸ்ரமாத்திஸ் அவரோடு கிரேக்கம் பேச அதுவே போதுமாக இருந்தது.

ஐந்து நிமிடத்தில் யோகன் வந்தார்.

"சாமானை இறக்கட்டோ எண்டு கேட்டனான். ஓகே, ஓகே எண்டவர். ரெண்டு தரம் சொன்னவர்," என்று எனக்குச் சொல்லிவிட்டு, அவர்களுக்கு ஆங்கிலத்தில் ஓகே என்றார்.

லேனா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ட்ரம்ஸைத் தூக்கினாள். ஸ்ரமாத்திஸ் வாசலில் விருந்தினரை வரவேற்றுக்கொண்டு நிற்க, நாங்கள் மேடையின் பின்பக்கத்தால் அம்பிளிபயர்களை ஏற்றினோம். திரைக்கு முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கவிதை சொல்லிக்கொண்டிருந்தார்கள். மேடைச் சுவரில் மூன்றே எழுத்தில் ஒரு பெரிய பதாகை. யோகன் என் காதருகே வந்தார்.

"அண்ணை, இது வெல்டிங் ஆக்களின்ர கூட்டமோ? ஒக்ஸி எண்டு போட்டிருக்கு."

ஆங்கில எழுத்தாக வாசித்தால், வெல்டிங் வாயுவின் பெயர் மாதிரி, அப்படித்தான் வரும். கிரேக்கர் அதை 'ஓஹி' என்று வாசிப்பார்கள். அர்த்தம்: இல்லை, முடியாது. 1940ஆம் ஆண்டு ஒக்ரோபர் 28 அன்று இத்தாலி விடுத்த மிரட்டலுக்குக் கிரேக்க நாடு அந்தச் சொல்லைப் பதிலாகச் சொன்னது. ஒவ்வொரு வருடமும் அதைக் கொண்டாடுகிறார்கள். யோகனுக்கு ஸ்ரமாத்திஸ் இரண்டு தரம் சொன்ன சொல்லும் அதுதான். முடியாது என்று ஓரடி உயர எழுத்தில் எழுதியதற்குக் கீழே நாங்கள் அம்பிளிபயர் அடுக்கிக்கொண்டிருந்தோம்.

கவிதை முடிந்து திரை விலகியதும் ஸ்ரமாத்திஸ் கண்டது நிக்கோஸின் கிற்றாரை. மேடைக்கு ஓடி வந்தார்.

"ஆர் விட்டது உங்களை?"

லேனா யோகனைப் பார்த்தாள். யோகன் முன்னால் வந்து, "நீங்கள்தான் ஐயா. கேட்டனான். ஓகே, ஓகே எண்டு சொன்னியள்," என்று ஆங்கிலத்தில் மரியாதையாகச் சொன்னார்.

"ஓகேயோ? நான் ஓஹி எண்டனான். ஓஹி!"

"அதுதான் ஐயா. ஓகே."

ஸ்ரமாத்திஸ் சுவரிலிருந்த பதாகையைக் கையால் காட்டினார். யோகன் அதைப் பார்த்தார். முன்வரிசையில் ஒருவர் சிரிக்கத் தொடங்க, விளங்காதவர்களுக்கு விளங்கியவர்கள் சொல்ல, சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போனது. சமையலறைப் பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். இந்த நாளில், இந்தச் சொல்லை, ஒருவர் இப்படி எடுத்துக்கொண்டாரே என்பதில் அவர்களுக்குக் கோபம் வரவில்லை. ஸ்ரமாத்திஸும் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார். ஒரு விரலைக் காட்டினார்.

"ஒரு பாட்டு. பிறகு உந்த இரும்பெல்லாத்தையும் கொண்டு போயிடுங்கோ."

நிக்கோஸ் தெரிந்தெடுத்த பாட்டு, வேலை போன ஒரு தகப்பன் காரை விற்பதைப் பற்றியது. முதல் அடியிலேயே சிலர் காதைப் பொத்தினார்கள். இரண்டு குடும்பம் எழுந்து போனது. ஆனால் வேலை கேட்டுப் போகிற இடமெல்லாம் ஆவ்ரியோ பாலி என்கிறார்கள் என்ற வரி வந்தபோது, பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். அந்தச் சொல் சரியான இடத்தில் போய்ப் பட்டிருந்தது. ஐந்து வருடத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவர்கள் கேட்டதில்லை.

பாட்டு நடுவில் சற்று ஓயும் இடத்தில், முன்வரிசையில் இருந்த, ஏதென்ஸிலிருந்து புதிதாக வந்திருந்த ஆசிரியர் ஒருவர் எழுந்து ஏதோ சொன்னார். லேனா எனக்குப் பிறகு விளக்கினாள். நிக்கோஸ் காருக்குப் பாவித்த சொல் 'கரோ'. ரொறன்ரோக் கிரேக்கர் காரை அப்படித்தான் சொல்வார்கள். கிரேக்க நாட்டில் கரோ என்றால் குதிரை வண்டி. "உன்ர அப்பா வித்தது காரையோ, வண்டிலையோ?" என்றுதான் ஆசிரியர் கேட்டிருக்கிறார்.

நிக்கோஸ் வாய் திறக்க முன் ஸ்ரமாத்திஸ் திரும்பினார்.

"இஞ்ச கரோ எண்டால் கார்தான். நாப்பது வருசமா நான் கரோதான் ஓட்டுறன்."

"அது கிரேக்கம் இல்லை," என்றார் ஆசிரியர்.

"அப்ப நாங்கள் ஆர்?" என்று சமையலறைப் பக்கமிருந்து ஒரு பெண் கேட்டாள்.

மண்டபம் இரண்டாகப் பிரிந்து சத்தம் போட்டது. யோகனுக்கு அந்தக் கூச்சலில் தெரிந்த ஒரே சொல் கரோதான்.

"கரோ எண்டால் கார்தானே அண்ணை? கராஜில ஒரு நாளைக்கு நூறு தரம் கேக்கிறன். ஏன் சண்டை பிடிக்கினம்?"

லேனா குச்சியால் நான்கு தட்டுத் தட்டினாள். நிக்கோஸ் அந்த அடியை முதலிலிருந்து பாடினான், கரோ என்ற சொல்லை மட்டும் கத்தி. இரண்டாம் தரம் வந்தபோது பாதி மண்டபம் அந்தச் சொல்லை அவனோடு சேர்ந்து கத்தியது. பாட்டு முடிந்தது. இன்னொன்று பாடு என்று யாரும் கேட்கவில்லை. நாங்கள் இரும்பையெல்லாம் தூக்கிக்கொண்டு வந்தோம்.

வானில் நிக்கோஸ் முன்னால் இருந்தான். வோர்டன் வீதி வரும் வரை ஒரே கதைதான்.

"வாத்தியார் மறிச்சதைக் கண்டியோ? சொல்லைக் கேட்டிருக்கிறார். பிழை எண்டு எழும்பிற அளவுக்குக் கேட்டிருக்கிறார்."

"உன்னை அவர் பிழை சொல்லிப் பேசினவர்," என்றாள் லேனா பின்னாலிருந்து.

"ஓமோம். ஐஞ்சு வருசத்தில ஒருத்தரும் பேசேல்லை."

ஜனவரியில் லேனா ஹலிபக்ஸுக்குப் போனாள். அதோடு குழு முடிந்தது.

லேனா இப்போது செஸ்ரருக்குப் பக்கத்தில் இருக்கிறார். மருந்தகத்தை விற்று ஓய்வு எடுத்துவிட்டார். மூன்று மணிக்கு ஒரு கோப்பிக் கடையில் எங்களைச் சந்தித்தார். நிக்கோஸ் கிரேக்க நாட்டில், வோலோஸ் என்ற துறைமுக நகரத்தில் படகு இயந்திரம் திருத்துகிறாராம்.

"அங்க போயும் கரோ எண்டுதான் சொல்றான்," என்றார் லேனா. "மெக்கானிக்குக்கு ஃபோன் எடுத்துக் கரோ நிண்டு போச்சு எண்டால், குதிரைக்கு என்ன வருத்தம் எண்டு கேக்கிறாங்களாம். மாத்தன் எண்டால், மாட்டானாம்."

பிறகு யோகனின் பக்கம் திரும்பினார்.

"மாமா ஒரு நாளைக்கு ஐம்பது தரம் ஓஹி எண்டு சொல்லுவார். நீ ரெண்டு வருசம் அங்க வேலை செய்தனி. உண்மையாச் சொல்லு, அண்டைக்கு உனக்கு ஓகே எண்டுதான் கேட்டதோ?"

யோகன் கோப்பியை வைத்தார். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாக ஆட்டினார்.

"இது ஓமோ இல்லையோ?" என்று லேனா என்னிடம் கேட்டார்.

நாங்கள் இருவரும் ஒரே ஊர்ப்பக்கம். எனக்கும் தெரியவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். காலை பத்துக்குத் தொடங்கினால் ஐந்துக்குள் முடிக்கலாம். கார் வேண்டாம், கென்சிங்ரனில் நிறுத்த இடம் கிடைக்காது. கராஜை முதலில் பாருங்கள், அது எவ்வளவு நாள் நிற்கும் என்று சொல்ல முடியாது. டன்போர்த் மண்டபம் சாதாரண நாளில் பூட்டியிருக்கும். ஒக்ரோபர் கடைசிக் கிழமையில் போனால் பதாகையும் கட்டியிருப்பார்கள். கிரேக்கர் 'நே' என்றால் ஆம். தலையோடு நாடியை மேலே தூக்கினால் இல்லை. எங்கள் ஆட்கள் தலையாட்டினால் என்னவென்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஏதாவது வாசலில் உங்களுக்காகக் கேட்டுவர ஒருவரை அனுப்புவதானால், எல்லாம் விளங்கியவரை மட்டும் தேடாதீர்கள்.